அர்பாப்பும் சாமிதுரையின் கையும்

சோற்றில் விட்ட கையைத் தொட்டியில் விடாதே என்று ஒரு மனுஷன் சொன்னால், அதை எத்தனை வருஷம் மனசில் வைத்துக்கொண்டு அலைவது? சாமிதுரை ஒன்பது வருஷம் அலைந்தான்.

லப்பைக்குடிக்காட்டில் நஜீமுதீன் பாயின் மகள் ஷைமாவுக்கு நிக்காஹ் நடந்த அன்று, பாய் தன்னோடு ஒரே சகனில்தான் அவனை உட்காரவைத்தார். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் அள்ளிச் சாப்பிடுகிற விருந்து அது. சாமிதுரையின் அப்பனும் ஆத்தாளும் வாலிகண்டபுரத்தில் அடுத்தவன் வயலில் கூலிக்குக் குனிந்தவர்கள். கல்யாண வீட்டில் தனியாக இலை போட்டுத் தள்ளி உட்காரவைத்தாலே போதும் என்று இருந்த சனம். அப்பேர்ப்பட்டவன் பக்கம் பாய் தன் கறித்துண்டைத் தள்ளிவிட்டு, "சாப்புடுப்பா, என்ன கூச்சப்பட்டுக்கிட்டு" என்றார். அந்தப் பிரியாணி வாசனை கையை விட்டுப் போகிறதற்குள், மறுநாள் காலையில் அதே பாய், அதே கூடத்தில், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் அத்தனை பேர் நடுவிலும் சொன்னார்:

"இனிமே சாமிதுரை கை என் தொட்டியில படக்கூடாது. அவன் கை வுட்டான், லாப்ஸ்டரோட ஹயாத்து முடிஞ்சிச்சு."

கூடத்து மீன் தொட்டிக்குள்ளே நீல லாப்ஸ்டர் மல்லாந்து கிடந்தது. நண்டும் இல்லாமல் இறாலும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும், இடுக்கி வைத்த நன்னீர்ப் பிராணி. வண்ணமீன் கடைகளில் அதற்கு லாப்ஸ்டர் என்றுதான் பேர். அதன் கால்கள் மேலே பார்த்து விரைத்திருந்தன.

நிக்காஹுக்கு முதல் நாள் அந்தத் தொட்டியைக் கழுவியது சாமிதுரைதான். பாதித் தண்ணீர் இறைத்து, கல்லெல்லாம் அலசி, திரும்ப நிரப்பப் போகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. "கரண்ட் வந்ததும் மோட்டார் போட்டு நெரப்பிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியாது. செத்ததற்குக் காரணம் சொல்லவும் தெரியவில்லை. அந்த ஊரில் பதினாலு வீட்டில் தொட்டி பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு மாசத்தில் மூன்று வீடுதான் மிச்சம். மீதி வீடுகளில் "கைராசி இல்லாதவரு" என்று பேர்.

இரண்டு வாரம் கழித்து பாயே போன் போட்டார்.

"என்னப்பா, கண்ணாடி சுரண்டற நாள் ஆவலியா?"

"நான் எதுக்குங்க பாய்? என் கை பட்டா ஆவாதே."

"கையை வுடச் சொன்னனா? கம்புல பிளேடு கட்டிச் சுரண்டு. டியூப் போட்டு அழுக்க எடு. தண்ணிய வூட்டுல நெரப்பிக்கிடுறோம். கைதான் வேணாங்கிறேன்."

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் போகாமல் இருந்தால், தப்பு செய்தவன் ஒளிந்துகொண்டான் என்று ஆகிவிடும். என்றைக்காவது ஒரு நாள் அந்த மனுஷன் வாயாலேயே சொன்னதைத் திரும்ப எடுக்க வைக்க வேண்டும் என்றுதான் சாமிதுரை போனான். அப்படிப் போகத் தொடங்கி ஒன்பது வருஷம் போய்விட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. டிவிஎஸ் எக்ஸெல் பின்னால் நீல டிரம், அதற்குள் டியூப், பிளேடு, ஸ்பாஞ்சு. டிரம் மூடி ஆடாமல் இருக்க மேலே ஒரு வெள்ளைக் கல். அரியலூர் ரோட்டில் சிமெண்டு ஆலைக்குப் போகிற லாரியிலிருந்து விழுந்த சுண்ணாம்புக் கல் அது. வெயிலானாலும் மழையானாலும் அந்த வண்டி அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

தொட்டித் தண்ணீரை டியூப் வைத்து இறக்க வேண்டுமானால் ஒரு முனையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். ஒரு தடவை தவறினால் ஒரு மடக்கு உள்ளே போய்விடும். துப்பிக்கொண்டே சாமிதுரை கேட்பான்:

"வாய் வெக்கலாம், கை வெக்கக்கூடாதா பாய்?"

"வாய்க்கு ராசி இல்லப்பா. கைக்குத்தான்."

"உங்க மார்க்கத்துல ராசி கீசி பாக்கக் கூடாதுன்னு ஹஜ்ரத்து பயான்ல சொல்றாருல்ல? மைக்குல ரோடு வரைக்கும் கேக்குது."

"ஹஜ்ரத்து லாப்ஸ்டர் வளக்கலியே."

இப்படித்தான் பேச்சு போகும். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, வண்டியில் ஏறித் திரும்புகிற வழி முழுக்க சாமிதுரைக்கு நெஞ்சில் அந்த ஒரு சொல் உறுத்திக்கொண்டே வரும்.

நஜீமுதீன் பாய் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருக்கலாம். இருபத்து மூன்று வயசில் ஷார்ஜாவுக்குப் போனவர். ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருபத்தாறு வருஷம். முதலாளி எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. காரில் ஏசி போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. வாசல் அறையில் ஒரு நாற்காலி, அதற்கு எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு மீன் தொட்டி. இருபத்தாறு வருஷமும் பாய் காத்திருந்தது அந்தத் தொட்டிக்கு எதிரேதான். பெற்ற பிள்ளை ஷைமா நடக்கப் பழகிய பிறகுதான் அவர் கண்ணால் பார்த்தார். "எம் மவ நடந்தத நான் பாக்கல. அரபி வூட்டு லாப்ஸ்டர் ஓடு கழட்டுனத பதினாறு தடவ பாத்துருக்கேன்" என்பார். சொல்லிவிட்டு வேறு எங்கோ பார்ப்பார்.

ஊருக்கு ஒரேயடியாக வந்ததும் முதல் வேலையாகக் கூடத்தில் நாலடித் தொட்டி வாங்கிப் போட்டார். கொளத்தூரில் தொட்டி ஒட்டுகிற பட்டறையில் எட்டு வருஷம் சிலிகான் பசை பிழிந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த சாமிதுரைதான் அதை ஒட்டிக் கொடுத்தான். லாப்ஸ்டரைத் தனியாக விடுங்கள் பாய், மற்ற மீனோடு சேராது, வாலை நறுக்கிவிடும் என்று அன்றைக்கே சொன்னான். பாய் கேட்கவில்லை.

"எட்டடி ரூம்புல எட்டுப் பேரு இருந்தோம்ப்பா ஷார்ஜாவுல. மலையாளி, பட்டான், வங்காளி. அடிச்சிக்கிட்டோம், பேசாம இருந்தோம், ஒருத்தன் எண்ணெய ஒருத்தன் திருடுனோம். செத்தா போயிட்டோம்? ஆளுக்கு ஒரு கட்டிலு இருந்தா போதும், ஒண்ணா இருந்துடலாம்."

ஆகவே லாப்ஸ்டருக்கு ஒரு பிவிசி பைப் துண்டு, அடியில் ஒட்டிக் கிடக்கிற சக்கர் மீனுக்கு ஒரு ஓட்டுச் சட்டி, நாலு டைகர் பார்ப் மீன்களுக்கு ஒரு மூலையில் செடி. ஆளுக்கு ஒரு கட்டில். முதல் லாப்ஸ்டர் நிக்காஹ் மறுநாள் செத்தது. இரண்டாவது வயசாகிச் செத்தது. மூன்றாவதுக்கு பாய் அர்பாப் என்று பேர் வைத்தார். அங்கே முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "ஒரு வேலையும் செய்யாது. நல்ல எடமாப் பாத்து உக்காந்துக்கும். கிட்டப் போனா எல்லாரும் பயப்படணும். வேற என்ன பேரு வெக்கச் சொல்ற?"

மூன்று வருஷம் முன்பு சர்க்கரை பாயின் சிறுநீரகத்தில் கை வைத்தது. போன வருஷத்திலிருந்து திங்களும் வியாழனும் பெரம்பலூருக்கு வேனில் போய் டயாலிசிஸ். ஒரு நாளைக்குச் சின்ன டம்ளரில் மூன்று டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம். எழுபது லிட்டர், எண்பது லிட்டர் என்று தண்ணீரைக் கொட்டி மாற்றுகிற தொட்டிக்கு எதிரே கட்டிலைப் போட்டுக்கொண்டு, நாக்கு வறண்டு கிடப்பார். "எல்லாத் தண்ணியும் அர்பாப்புக்குத்தான்" என்பார். அவர் மகன் அம்மார் துபாயில். போனில் முகம் காட்டுவான், "அத்தா, எப்படி இருக்கீங்க" என்பான். "இருக்கேன்" என்பார். அவ்வளவுதான்.

சாமிதுரைக்கும் முன்போல் முடியவில்லை. நாற்பத்தெட்டு வயசு. தண்ணீர் தூக்கித் தூக்கி இடது தோள் மேலே எழும்பாது. ஊரில் பாதி வீடுகளில் தொட்டியைக் காயப்போட்டு அதில் பிளாஸ்டிக் பூ வைத்துவிட்டார்கள். விட்டுவிடலாம் என்று மாசம் ஒரு தடவை நினைப்பான். பாய் சொன்னதைத் திரும்ப எடுக்கட்டும், அன்றோடு விட்டுவிடலாம் என்று தள்ளிப் போடுவான்.

மாசி மாசத்தில் அந்தத் திங்கட்கிழமை அவன் உள்ளே நுழைந்தபோது பாய் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கி மினுமினு என்று இருந்தன.

"சாமிதுரை, அர்பாப் எட்டு நாளா ஒண்ணும் திங்கலப்பா."

சாமிதுரை குனிந்து பார்த்தான். அர்பாப் பைப்புக்குள் இல்லை. தொட்டி நடுவில், வெட்டவெளியில் சாய்ந்து நின்றது. நிறம் மங்கி, கண் மங்கி, ஒரு பக்கக் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஓடு கழற்றப் போகிற அறிகுறி. அதற்கு முன்பு சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். ஆனால் ஒளிந்துகொள்ளும். இப்படி நடுவீதியில் நிற்காது. ஒளியப் போகிற தெம்புகூட அதற்கு இல்லை.

"இது போச்சுன்னா நான் திரும்ப வாங்க மாட்டேன்" என்றார் பாய். "அதுக்கும் நமக்கும் ஒரே கணக்குன்னு தோணுது."

"ஏன் பாய் இப்படிப் பேசுறீங்க, வேன் வர நேரத்துல."

கம்பில் பிளேடைக் கட்டிக் கண்ணாடியில் வைத்தான். பிளேடு வழுக்கிக்கொண்டு போனது. சாமிதுரை கையை நிறுத்தினான்.

அந்தச் சீமையிலே போர்த் தண்ணீர் என்றால் சுண்ணாம்புதான். குண்டான் அடியில் வெள்ளை படியும், குழாய்த் தலை அடைக்கும், முடி கொட்டினாலும் சிறுநீரில் கல் வந்தாலும் அந்தத் தண்ணீரைத்தான் வைவார்கள். தொட்டியில் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு ஏறும். அந்தக் கோட்டைச் சுரண்டித்தான் சாமிதுரை இத்தனை வருஷம் சோறு தின்றான். இந்தத் தொட்டியில் இன்று கோடு இல்லை. கண்ணாடி கழுவி விட்டது மாதிரி இருந்தது. போன தடவையும், அதற்கு முந்தின தடவையும் சீக்கிரம் வேலை முடிந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. நோகாமல் முடிந்ததே என்று கிளம்பிப் போயிருக்கிறான். தன்னையே திட்டிக்கொண்டான்.

சமையல்கட்டு வாசலில் போய் நின்றான். பாயின் மனைவி ரஷீதா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தொட்டிக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"நல்ல தண்ணிதான் தம்பி. மிசின் தண்ணி." சுவரில் மாட்டியிருந்த வடிகட்டி மிஷினைக் காட்டினாள். பாய்க்காக அம்மார் வாங்கி அனுப்பியது. "போர்த் தண்ணியாலதான் இவங்களுக்குக் கிட்னி போச்சுன்னு ஊரே சொல்லுது. அதுவும் ஒரு உசுருதானே, அதுக்கு மட்டும் எதுக்கு அந்தத் தண்ணின்னு நாலு மாசமா மிசின் தண்ணிதான் கொடம் கொடமாப் புடிச்சி ஊத்துறேன்."

சாமிதுரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அதுக்குச் சுண்ணாம்புதான் எலும்பு. அந்த மிசின் சுண்ணாம்பு மொத்தத்தையும் எடுத்துடும். ஓடு கழட்டுனா புது ஓடு கெட்டியாவுறதுக்குத் தண்ணியில எதுவுமே இல்ல. நம்ம ஊரு கெட்ட தண்ணிதான் அதுக்கு நல்ல தண்ணி."

ரஷீதாவின் கையிலிருந்த பாத்திரம் அப்படியே நின்றது. குழாயை மூடினாள்.

"அப்ப அன்னைக்கும் அதானா?" என்றாள்.

"என்னைக்கு?"

"ஷைமா நிக்காஹு அன்னைக்கு. முந்துன நாளு நீங்க பாதியில வுட்டுட்டுப் போனீங்க, கரண்டு வரவே இல்ல. மாப்ள வூட்டுக்காரங்க வந்து பாக்கயில தொட்டி பாதியா நின்னா நல்லாவா இருக்கும்? விருந்துக்கு வாங்குன கேன் தண்ணி இருந்துச்சு. பளிச்சுன்னு தெரியட்டும்னு நாந்தான் ஆறு கேனு கவுத்தேன். மறுநாளு இவங்க அப்படிச் சத்தம் போட்டப்ப எனக்குச் சந்தேகந்தான் தம்பி. ஆனா தண்ணியால சாவுமா, நல்ல தண்ணிதானேன்னு இருந்துட்டேன். அப்பறம் சொல்ல வாய் வரல. இவங்ககிட்ட இப்ப சொல்லிடாதீங்க. இந்த ஒடம்போட..."

ஒன்பது வருஷம். சாமிதுரைக்குக் கோபம் வரும் என்று அவனே எதிர்பார்த்தான். வரவில்லை. இந்த அம்மாளும் ஒன்பது வருஷம் இதைத் தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"சொல்லல அக்கா" என்றான். "வுடுங்க."

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"காது நல்லாத்தான் கேக்குது. கிட்னிதான் போச்சு."

இரண்டு பேரும் கூடத்துக்கு வந்தார்கள். பாய் அவர்களைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசிக்கிட்டு நிக்காதீங்க. முதுகு வெடிச்சிருச்சு."

அர்பாப்பின் முதுகும் வாலும் சேருகிற இடத்தில் ஓடு பிளந்து, உள்ளேயிருந்து இன்னொரு அர்பாப் பிதுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு உதறு உதறியது. மூன்றாவது உதறலில் பழைய ஓடு கண், மீசை, இடுக்கி எல்லாம் முழுசாக ஒரு பக்கம் நின்றது. புதுசு ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. டைகர் பார்ப் நாலும் மூலையிலிருந்து கிளம்பிவிட்டன. ஒன்று வந்து மீசையைக் கடித்து இழுத்தது.

சாமிதுரை கம்பை நீட்டி விரட்டினான். ஒன்று போனால் மற்றொன்று வந்தது. வலையை எடுத்தான்.

"வல வேணாம், கிழிஞ்சிரும்" என்றார் பாய். "கையை வுடு."

சாமிதுரை திரும்பிப் பார்த்தான்.

"இப்ப மட்டும் என் கை ராசியாயிடுச்சா?"

"ராசி கெடக்கட்டும். வுடுய்யா."

"வாயில சொல்லுங்க பாய். ஒம்போது வருசம் எத்தன வாசல்ல..."

"சாமிதுரை, அத திங்குதுய்யா!"

அந்தக் குரலில் இருந்தது கட்டளை இல்லை. ஷார்ஜாவிலிருந்து போனில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டபோது இப்படித்தான் கத்தியிருப்பார் போல. சாமிதுரை கொல்லைக் குழாயடிக்கு ஓடினான். சோப்புப் போடாமல், பெட்ரோல் வாடை போகிற வரைக்கும் போர்த் தண்ணீரில் மணலை வைத்துத் தேய்த்துக் கழுவினான். வந்து, சட்டையைத் தோள் வரைக்கும் சுருட்டி, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் கையை இறக்கினான்.

அர்பாப் ஊறிய அப்பளம் மாதிரி இருந்தது. எங்கே பிடித்தாலும் பிய்ந்து வந்துவிடும். பிடிக்கவே இல்லை. உள்ளங்கையை அடியில் கொடுத்து, தண்ணீரோடு தண்ணீராக நகர்த்திக்கொண்டு போய், பிவிசி பைப்புக்குள் சாய்த்துவிட்டான். பைப்பின் வாய்க்குப் பார்ப் நுழையாதபடி ஒரு பக்கம் கூழாங்கல் அடுக்கினான். கழற்றிப் போட்ட ஓட்டைக் குப்பையென்று எடுக்காமல் பைப்புக்குள்ளேயே தள்ளினான். அதிலும் சுண்ணாம்பு உண்டு, தெம்பு வந்ததும் தின்னும். பிறகு வாசலுக்குப் போய் டிரம் மூடிமேல் கிடந்த வெள்ளைக் கல்லை எடுத்து வந்து கழுவித் தொட்டியில் வைத்தான். ஒரு வாளி போர்த் தண்ணீரை மேலே தூக்கி வைத்து, காற்று டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக உள்ளே விழ விட்டான். தண்ணீர் ஒரேயடியாக மாறினால் தாங்காது; அன்று ஆறு கேன் கவிழ்த்ததில் போனதும் அப்படித்தான்.

"எனக்கு ஏத்துற மாதிரியே ஏத்துறியே" என்றார் பாய். கொஞ்சம் சிரித்தார். ரஷீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

பாய் மன்னிப்புக் கேட்கவில்லை. சாமிதுரையும் திரும்பக் கேட்கவில்லை. ஈரக் கையைத் துடைக்காமல் தொங்கவிட்டபடி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வேன்காரன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் பைப்புக்குள் மீசை ஒன்று ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நஜீமுதீன் பாய் வியாழக்கிழமை சாயங்காலம், டயாலிசிஸ் முடிந்து திரும்புகிற வழியில் வேனிலேயே மவுத்தாகிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அடக்கம். சாமிதுரை ஆண்களோடு கபரஸ்தான் வரைக்கும் போய், மூன்று கை மண் போட்டு, அவர்களோடு வீடு திரும்பினான். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். நிக்காஹ் மறுநாள் நின்றிருந்த அதே முகங்களில் பாதி, தாடி நரைத்துப்போய் அங்கே இருந்தன. அவன் யாரையும் கேட்காமல் தொட்டிக்குப் போய், கையைக் கழுவிக்கொண்டு, சட்டையைச் சுருட்டினான்.

"என்னப்பா, இந்த நேரத்துல?" என்றார் ஒருவர். "உன் கையத்தான் அவரு..."

புருஷன் போனவள் தனித்திருக்கிற இத்தாவில் ரஷீதா உள்ளறைக்குப் போயிருந்தாள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தம்பியத் தடுக்காதீங்க. அன்னைக்கு லாப்ஸ்டர் செத்தது அவரு கையால இல்ல. கேன் தண்ணி ஊத்துனது நாந்தான்."

ஒன்பது வருஷமாகக் காத்திருந்த சொல் அதுதான். ஆனால் சாமிதுரை அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவன் கை பைப்புக்குள் இருந்தது. முதுகில் விரல் வைத்தான். லேசாகத் தட்டினான். கெட்டியாக இருந்தது. மேல்சட்டைப் பையில் போன் கனத்தது.

அந்தத் திங்கட்கிழமை, வேன் வந்ததும், ரஷீதா ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்துப் பாயை ஏற்றினார்கள். ஒரு காலைப் படியில் வைத்தவர் அப்படியே நின்று, அவனுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வெள்ளிக்கெழம வா சாமிதுரை. கையை வுட்டு முதுவத் தொட்டுப் பாரு. கெட்டியாயிருந்தா எனக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிடு."